மெல்பர்னுக்குப் பெட்டி கட்டும்போது: தடித்த கோட்டா, அடுக்கு உடையா?

பெட்டிப்படுக்கை
தமிழ்நாட்டிலிருந்து மெல்பர்ன் வந்து, செப்டம்பர் நடுவிலிருந்து டிசம்பர் முதல் வாரம் வரை தங்கப்போகும் அறுபது வயது தாண்டிய தம்பதிக்கான துணிப் பட்டியல் இது. ஐயா பேன்ட் சட்டை, கோயிலுக்கு வேட்டி. அம்மாவுக்குப் புடவை மட்டும்தான்.

ஒருவருக்கு: முழங்கால் வரை வரும் தடித்த கோட் 1, தலைவழியாகப் போடும் ஸ்வெட்டர் 3, காட்டன் தெர்மல் 2 செட், கம்பளிக் குல்லா, மஃப்ளர், மடக்குக் குடை 1. ஐயாவுக்கு ஜீன்ஸ் 3. அம்மாவுக்குப் பட்டுப்புடவை 4, காட்டன் புடவை 8. காலுக்குச் செருப்பு ஒன்று, ஷூ ஒன்று.

எது அதிகம், எது விட்டுப்போயிற்று? தாராளமாகத் திருத்துங்கள்.

தென்காற்று
முதலில் கோட்டை எடுத்துவிடுங்கள். மெல்பர்னில் நம்மை வாட்டுவது குளிரின் அளவு அல்ல, அது மாறும் வேகம். நகருக்குள் உறைபனிக் குளிர் அபூர்வம். அங்கே குளிர்காலமான ஜூலையில்கூடப் பகலில் சராசரியாக 14 டிகிரி போகும், இரவில் 7 வரை இறங்கும். நீங்கள் சொல்லும் மாதங்களில் பகல் சராசரி செப்டம்பரில் 17, அக்டோபரில் 20, நவம்பரில் 22, டிசம்பரில் 24. ஆனால் இந்தச் சராசரியை நம்பித் துணி எடுத்தால் ஏமாந்துபோவோம். நவம்பரில் ஒரு நாள் 34 அடிக்கும், மறுநாள் 16-ஐத் தாண்டாது. இரண்டும் ஒரே நாளிலேயே நடப்பதும் உண்டு.

காரணம் ஊர் இருக்கும் இடம். வடக்கே காய்ந்த உள்நாடு. தெற்கே பாஸ் நீரிணை, அதற்கப்பால் டாஸ்மேனியாத் தீவைத் தவிர அண்டார்டிகா வரை திறந்த கடல். காற்றழுத்தம் கூடிய மண்டலம் கிழக்கே நகர்ந்து டாஸ்மன் கடலுக்குப் போனதும், வடகாற்று உள்நாட்டு வெப்பத்தை ஊருக்குள் இழுத்து வரும். பின்னாலேயே மேற்கிலிருந்து குளிர்முகப்பு, அதாவது குளிர்ந்த காற்றுத் திரளின் முன்விளிம்பு, வரும். அது ஊரைத் தொட்ட நிமிடம் காற்று தென்மேற்காகத் திரும்பும். இங்கே இதை ‘கூல் சேஞ்ச்’ என்பார்கள். ஒரு மணி நேரத்துக்குள் 10, 15 டிகிரி இறங்கிவிடும். வசந்தகாலத்தில் இந்த முகப்புகள் அடுத்தடுத்து வரும். அதனால்தான் செப்டம்பர் முதல் நவம்பர் வரை ஒரே பிற்பகலில் வெயில், தூறல், சில நேரம் சின்ன ஆலங்கட்டி, மறுபடி வெயில் என்று மாறிக்கொண்டே இருக்கிறது.

ஆகவே துணிக்கு வைக்க வேண்டிய சோதனை ஒன்றுதான்: டிராம் நிறுத்தத்தில் நின்றபடி இரண்டு நிமிடத்தில் கழற்றிப் பைக்குள் திணிக்க முடியுமா, அதே போல எடுத்து மாட்ட முடியுமா? 2 கிலோ கோட்டை அப்படிச் செய்ய முடியாது. வடகாற்று அடிக்கும் மதியத்தில் அதைக் கையில் சுமந்துகொண்டு திரிய வேண்டியதுதான்.

நூல்கண்டு
தென்காற்று சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். துணி என் தொழில் என்பதால் அந்தப் பக்கத்தை நான் எழுதுகிறேன்.

காட்டன் தெர்மல்தான் பட்டியலில் இருக்கும் பெரிய தவறு. நம் திருப்பூர் இன்டர்லாக் தெர்மல் உட்கார்ந்திருப்பவருக்கு நல்ல உடை, தரத்தில் குறையே கிடையாது. ஆனால் பருத்தி ஈரத்தை உறிஞ்சித் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். மேட்டில் ஏறி நடக்கும்போது முதுகு வியர்க்கும், அப்போது தென்மேற்குக் காற்று திரும்பும், நனைந்த துணி உடம்போடு ஒட்டிக் கொண்டு சூட்டை இழுக்கும். ‘தெர்மல் போட்டும் குளிருதே’ என்று பலர் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

நான் சொல்லும் அடுக்கு, ஒருவருக்கு:

உடம்போடு ஒட்டுவது: 150 முதல் 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற துணி எடை) மெரினோ கம்பளி முழுக்கை 2, மெல்லிய பாலியெஸ்டர் உள்சட்டை 1. மெரினோ ஈரமானாலும் சூடு காக்கும், மூன்று நாள் போட்டாலும் வாடை வராது. கம்பளி குத்துமே என்ற பயம் வேண்டாம், மெரினோ இழை மெல்லியது. வீட்டில் மட்டும் போட ஒரு காட்டன் செட் வைத்துக்கொள்ளலாம்.

நடுவில்: 100 ஜிஎஸ்எம் ஃப்ளீஸ் (பஞ்சுபோன்ற பரப்புள்ள பாலியெஸ்டர் மேலுடை) 1, 200 ஜிஎஸ்எம் ஃப்ளீஸ் 1. இரண்டும் முன்பக்கம் முழு ஜிப் வைத்தது. ஒன்று ஏறக்குறைய 300 கிராம்தான் இருக்கும். மூன்று ஸ்வெட்டருக்கும் சேர்த்து இந்த இரண்டு போதும். வெயில் நாளுக்கு மெல்லியது, காலை நடைக்குத் தடித்தது, ரொம்பக் குளிர்ந்தால் ஒன்றின்மேல் ஒன்று.

மேலே: தொப்பி தைத்த மழை ஜாக்கெட் 1. முழுப் பணத்தையும் இதில்தான் போட வேண்டும். காற்றை நிறுத்துவதும் இதுதான், மழையை நிறுத்துவதும் இதுதான். கீழே இருக்கும் ஃப்ளீஸ் எவ்வளவு நல்லதானாலும் காற்று அதனூடே புகுந்து போய்விடும். காற்றை மறிக்க ஓர் உறை இல்லாவிட்டால் ஃப்ளீஸ் பாதி வேலைதான் செய்யும்.

கடையில் ஜாக்கெட் பார்க்கும்போது உள்பக்கத்தைத் திருப்புங்கள். தையல் ஓடும் இடமெல்லாம் பட்டையாக டேப் ஒட்டியிருக்க வேண்டும். டேப் இல்லை என்றால் அது தூறலுக்குத்தான் தாங்கும், அட்டையில் என்ன எழுதியிருந்தாலும் சரி. நீர்தாங்கும் அளவு 10,000 மி.மீ. இருந்தால் இந்த ஊருக்குத் தாராளம். அக்குளில் ஜிப் இருந்தால் இன்னும் நல்லது. 200 ஜிஎஸ்எம் ஃப்ளீஸைப் போட்டுக்கொண்டு அதன்மேல் போட்டுப் பார்த்து அளவு எடுங்கள். சட்டைமேல் போட்டுப் பார்த்து வாங்கினால் தோளில் பிடிக்கும், கை தூக்க வராது.

மருதாணி
கோட்டை முழுக்க ஒதுக்குவதை நான் ஏற்கவில்லை. வயதானவர்கள் நம்மைப் போல வேகமாக நடப்பதில்லை. நடந்தால்தானே உடம்பு சூடாகும்? செப்டம்பர் காலை 7 மணிக்கு 8 டிகிரியில், பெஞ்சில் உட்கார்ந்து பேருந்துக்குக் காத்திருப்பவருக்கு அந்தக் கோட் தொடையை மூடும். இடுப்போடு நிற்கும் ஜாக்கெட் மூடாது.

நூல்கண்டு
@மருதாணி, உட்கார்ந்திருப்பவர் கணக்கு வேறு என்பது சரி, அதை நான் விட்டுவிட்டேன். அதற்கும் தடித்த கோட்டுக்குப் பதில் செயற்கைப் பஞ்சு அடைத்த மெல்லிய பஃபர் ஜாக்கெட்டைச் சொல்வேன். 400 கிராமுக்குள் வரும், சுருட்டினால் தண்ணீர் பாட்டில் அளவு. வாத்து இறகு அடைத்தது இன்னும் இலேசுதான், ஆனால் நனைந்தால் இறகு கட்டிக்கொண்டு சூடு போய்விடும், காயவும் நேரமாகும். மெல்பர்ன் மாதிரி அடிக்கடி தூறும் ஊருக்குச் செயற்கைப் பஞ்சே நிம்மதி. தொடைக் குளிருக்குப் பேன்ட்டுக்கு உள்ளே ஒரு மெரினோ லெகிங்ஸ்.

மருதாணி
சரி, பஃபருக்குச் சம்மதம். புடவை கட்டுபவருக்கு என்ன வேண்டும் என்று யாரும் எழுதவில்லை, நான் எழுதுகிறேன்.

உள்ளே: பாவாடைக்குக் கீழே கணுக்கால் வரை வரும் லெகிங்ஸ் 3. பாவாடை காட்டனாகவே இருக்கட்டும். சூடாக்கிய வீட்டுக்குள் காற்று வறண்டுபோய், சிந்தெடிக் பாவாடையும் சிந்தெடிக் புடவையும் உரசி மின்னேறிக் காலில் ஒட்டிக்கொள்ளும். நடை தடுக்கும், வயதானவர் விழுந்துவிடக்கூடும்.

ரவிக்கை: முழுக்கை வைத்து, கழுத்து ஏற்றித் தைத்த ரவிக்கை 3. கொஞ்சம் ஸ்ட்ரெட்ச் உள்ள நிட் துணியில் தைத்தால் அதுவே உள்ளாடை போலச் சூடு தரும். புடவைமேல் ஸ்வெட்டர் போட்டால் மடிப்பு கசங்கி மார்பில் மூட்டையாக நிற்கும், முழுக்கை ரவிக்கையில் அந்தத் தொல்லை இல்லை.

ஜாக்கெட்: கீழிருந்தும் திறக்கும் இருவழி ஜிப் தேடி வாங்குங்கள். உட்காரும்போது கீழ் ஜிப்பை ஒரு சாண் திறந்துவிட்டால் கொசுவம் நசுங்காது, வயிற்றில் இறுக்காது. நீளம் இடுப்புக்குச் சற்றுக் கீழே. முந்தானையை ஜாக்கெட்டுக்கு உள்ளே சுற்றிச் செருகிவிட்டுத்தான் ஜிப் போட வேண்டும். வெளியே தொங்கவிட்டால் காற்று அதை முகத்தில் அடிக்கும், டிராம் கதவு பக்கமும் ஆபத்து.

புடவையை வழக்கத்தைவிட மூன்று விரல் உயர்த்திக் கட்டச் சொல்லுங்கள். நடைபாதை ஈரத்தை ஓரம் குடித்துக்கொண்டால் முழங்கால் வரை ஈரம் ஏறிவிடும், அன்றைக்கு முழுக்கக் கால் சில்லிட்டிருக்கும். எட்டு காட்டன் புடவை அதிகம். கஞ்சி போட்ட காட்டன் தூறலில் துவண்டு போகும். மெல்லிய காட்டன் 3, காற்றுக்கு நிற்கும் சற்றுக் கனமான பூனம் அல்லது கிரேப் 3 போதும். பட்டு இரண்டு.

முதியவருக்குத் தலைவழியாகப் போடும் மேலுடை எதையும் வாங்க வேண்டாம். தோள் வலி இருந்தால் கையைத் தூக்கிக் கழற்ற முடியாமல், வேர்த்தாலும் அப்படியே போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஜிப்பின் நுனியில் தடித்த நூல் வளையம் கட்டிவிடுங்கள். குளிரில் விறைத்த விரலுக்கு அந்தச் சின்ன உலோக நாக்கு பிடிபடாது.

பனையடி
மெல்பேர்ணில வீட்டுக்குள்ளதான் கூடக் குளிர் எண்டதை ஒருத்தரும் சொல்லேல்லை. பழைய வீடுகளுக்கு ஒற்றைக் கண்ணாடி யன்னல், கதவுக்குக் கீழால காத்து வரும். ஹீற்றர் போட்ட அறை மட்டும் சூடு, குளியலறையும் கொரிடோரும் வெளி மாதிரித்தான். வீட்டுக்குள்ள போட அடி தடிச்ச செருப்பு ஒண்டு, தடிச்ச மேஸ் (சாக்ஸ்) 3 சோடி கட்டாயம் கொண்டு வாங்கோ. இரவுக்கு நைற்றியோட ஒரு கம்பளிச் சால்வை. விடியப்புறம் எழும்பித் தேத்தண்ணி வைக்கிற பழக்கம் உள்ளவைக்கு அதுதான் முதல் தேவை.

உடுப்புக் காயப்போடுறதையும் கணக்குப் பண்ணுங்கோ. செப்டம்பரில வெளியில போட்ட ஜீன்ஸ் காய இரண்டு நாள் செல்லும், இடையில தூறினா மூண்டு. மூண்டு ஜீன்சும் சேர்ந்து 2 கிலோ வரும், நனைஞ்சா இன்னும் பாரம். ஒண்டு மட்டும் வைச்சுக்கொண்டு மிச்சத்துக்குக் கெதியாக் காயிற பான்ற்ஸ் 2 எடுங்கோ. மெரினோவை ட்ரையருக்குள்ள போட்டா சுருங்கிச் சின்னப்பிள்ளைச் சட்டையாப் போயிடும். துவாயில சுருட்டிப் பிழிஞ்சு, தட்டையா விரிச்சு, ராக்கில காயப்போடுங்கோ.

கோயிலுக்குப் போறவைக்கு: கரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோயிலோ, சண்ஷைன் முருகன் கோயிலோ, சப்பாத்தை (ஷூவை) கழட்டினா நிலம் ஐஸ் மாதிரி. சுத்தமான மேஸ் ஒரு சோடி கைப்பையில தனியா வைச்சிருங்கோ, வாசல் ஈரத்தைத் தாண்டின பிறகு மாத்திப் போடலாம். வேட்டிக்குள்ள தோல் நிற லெகிங்ஸ் போட்டா வெளியில தெரியாது. வேட்டி தடிச்ச எட்டு முழமா இருக்கட்டும், மெல்லிய நாலு முழம் இந்தக் காத்துக்கு நிக்காது.

பெட்டிப்படுக்கை
அருமையான தகவல்கள், எல்லோருக்கும் நன்றி. குடையைப் பற்றி? மழை ஊர் என்கிறார்கள், ஒருவரும் குடை எழுதவில்லையே.

தென்காற்று
மழை ஊர் என்பதே பாதிதான் சரி. ஆண்டுக்குச் சுமார் 650 மி.மீ. மழைதான் இங்கே. சென்னைக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு பெய்கிறது. வேறுபாடு என்னவென்றால், சென்னையில் அது பெரும்பாலும் சில மாதத்தில் கொட்டித் தீர்த்துவிடும். இங்கே ஆண்டு முழுக்கச் சின்னச் சின்னத் தூறலாகப் பிரிந்து விழும், அதுவும் காற்றோடு சாய்ந்து.

சாய்ந்து விழும் தூறலுக்குக் குடை பயன்படாது. மூன்று மடிப்புக் குடையின் கம்பி மூட்டில்தான் முதலில் முறியும். கூல் சேஞ்ச் போன மாலைகளில் நகர மையத்துக் குப்பைத் தொட்டிகளில் தலைகீழாகத் திரும்பிய குடைகள் கிடப்பதைப் பார்க்கலாம். முதியவருக்கு ஒரு கை டிராம் கம்பியைப் பிடிக்க வேண்டும், மறு கை மைக்கி என்ற பயணக்கட்டண அட்டைக்கு. குடைக்கு மூன்றாவது கை ஏது? ஜாக்கெட்டின் தொப்பியே போதும். தொப்பி விளிம்பை இறுக்கும் நாடா இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் காற்று அதைப் பின்னால் தள்ளிவிடும்.

இன்னொன்று, வெயில். 18 டிகிரி, மேகம், குளிர் காற்று என்று நினைத்துக்கொண்டிருக்கும் போதே தோல் கருகும். புற ஊதாக் குறியீடு 3-ஐத் தொட்டாலே பாதுகாப்பு வேண்டும் என்பது இங்கே விதி. வசந்தத்தில் நடுப்பகலில் அது எளிதாகத் தாண்டும், டிசம்பரில் 11-ஐத் தொடும். சுற்றிலும் விளிம்புள்ள தொப்பி, தாடைக்கயிறு வைத்தது. கயிறில்லாத தொப்பி யாரா ஆற்றுப் பாலத்தில் ஒரு வீச்சுக்குக்கூட நிற்காது.

மருதாணி
மூச்சிரைப்பு உள்ளவர்கள் இருந்தால் ஒரு வார்த்தை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை புல் மகரந்தம் கூடும் பருவம். 2016 நவம்பர் 21 மாலை இடியோடு வந்த காற்று மகரந்தத்தை நொறுக்கி ஊர் முழுக்க வீசி, ஆயிரக்கணக்கானோர் மூச்சுத் திணறலோடு மருத்துவமனைக்குப் போனார்கள், பத்துப் பேர் இறந்தார்கள். இன்ஹேலர் பெட்டிக்குள் அல்ல, தினமும் தூக்கும் பைக்குள் இருக்கட்டும். இடி வருமுன் ஜன்னலைச் சாத்திவிட்டு வீட்டுக்குள் இருங்கள்.

பெட்டிப்படுக்கை
இதெல்லாம் ஊரில் வாங்குவதா, அங்கே வந்து வாங்குவதா?

நூல்கண்டு
மழை ஜாக்கெட்டையும் ஃப்ளீஸையும் ஊரிலேயே வாங்கி, போட்டுப் பார்த்து, ஜிப் பழகி வருவது நல்லது. சென்னை, கோவை, மதுரையில் டெகத்லான் போன்ற கடைகளில் ஆண்டு முழுக்கக் கிடைக்கும். செப்டம்பரில் மெல்பர்ன் கடைகளில் குளிர்கால இருப்பு தள்ளுபடியில் தீர்ந்துகொண்டிருக்கும், நடுத்தர அளவுகள் முதலில் போய்விடும். தொப்பி, தடித்த சாக்ஸ், வீட்டுச் செருப்பு, கம்பளி, இவற்றை கேமார்ட் என்ற மலிவு விலைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம். சால்வோஸ், வின்னீஸ் போன்ற பழைய துணிக் கடைகளில் நல்ல கம்பளி ஸ்வெட்டர்கள் மலிவாகக் கிடைக்கின்றன. இரண்டு மாதத்துக்கு மட்டும் வேண்டியவருக்கு அது புத்திசாலித்தனம், திரும்பும்போது அங்கேயே கொடுத்துவிடலாம்.

மழை ஜாக்கெட்டைத் துவைக்கும்போது கம்ஃபர்ட் வகை மென்மையூட்டி ஊற்ற வேண்டாம். அது நீர்தள்ளும் பூச்சின்மேல் படிந்து வேலையைக் கெடுக்கும். முதலில் உருண்டு ஓடிய நீர்த்துளி இப்போது துணியில் பரவி ஊறுகிறதென்றால் பூச்சு களைத்துப்போயிற்று என்று பொருள். நன்றாக அலசி, அட்டையில் அனுமதி இருந்தால் ட்ரையரில் குறைந்த சூட்டில் 20 நிமிடம் போடுங்கள், பெரும்பாலும் பூச்சு மீண்டு வரும்.

பனையடி
சப்பாத்தைப் பற்றி ஒரு முக்கியமான விசயம். அடியில வயல் மண்ணோ சேறோ ஒட்டிக்கொண்டு வரக்கூடாது. ஆஸ்திரேலிய உயிர்ப்பாதுகாப்புச் சட்டம் கடுமை. பழைய பல்துலக்கியால பள்ளங்களைத் தோண்டி, கழுவி, நல்லாக் காயவிட்டுப் பெட்டியில வையுங்கோ. தோட்டத்திலயோ பண்ணையிலயோ போட்டதெண்டா வருகை அட்டையில ஒளிக்காம எழுதுங்கோ. எழுதினவையிட்ட பாத்துக் கழுவிக் குடுப்பினம், ஒளிச்சவைக்குத்தான் தண்டம்.

சப்பாத்து தோலோ செயற்கையோ, மேல்பக்கம் வலை வைச்சதா இருக்கப்படாது. வலைச் சப்பாத்து முதல் தூறலிலயே உள்ளுக்க ஈரம்.

தென்காற்று
சுற்றுலா நாட்களுக்குத் தனிக் கணக்கு. பிலிப் தீவில் பெங்குவின் பார்க்கப் போனால் திறந்தவெளிப் படிக்கட்டில் கடலைப் பார்த்து உட்கார வேண்டும், சூரியன் மறைந்த பிறகுதான் அவை கரையேறும். டிசம்பரில் அதுவே இரவு எட்டே முக்காலுக்கு மேல். பகலில் 28 டிகிரி இருந்திருந்தாலும் அங்கே இரண்டு ஃப்ளீஸ், பஃபர், மழை ஜாக்கெட், குல்லா எல்லாமே வேண்டும். உட்கார ஒரு மடித்த போர்வை வைத்துக்கொள்ளுங்கள், படிக்கட்டின் குளிர் நேராக முதுகெலும்புக்கு ஏறும். டேன்டனாங் மலையில் பஃபிங் பில்லி ரயில் பக்கம் திறந்த பெட்டி, அங்கேயும் நகரத்தைவிடக் குளிர் கூட.

கிளம்பும் முன் வானிலைத் துறை ஆப்பில் வெப்பநிலையை மட்டும் பார்க்காதீர்கள், காற்றுத் திசையைப் பாருங்கள். வடக்கு என்று இருந்து மாலைக்குள் தென்மேற்காக மாறும் என்று போட்டிருந்தால் அன்றைக்குப் பை கட்டாயம். தென்மேற்கே ஜீலாங் பக்கத்து அவலான் வானிலை நிலையத்தில் வெப்பம் திடீரென்று சரிந்திருந்தால், ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் நகரத்துக்கும் அது வந்து சேரும்.

பெட்டிப்படுக்கை
திருத்திய பட்டியல், ஒருவருக்கு: மெரினோ முழுக்கை 2, மெல்லிய உள்சட்டை 1, ஃப்ளீஸ் 2, பஃபர் 1, மழை ஜாக்கெட் 1, லெகிங்ஸ் 3, குல்லா, கயிறு வைத்த தொப்பி, தடித்த சாக்ஸ் 3, மெல்லிய சாக்ஸ் 4, மூடிய ஷூ 1, வீட்டுச் செருப்பு. அரைக்கைச் சட்டை 4 ஐயாவுக்கு, வெப்ப நாட்களுக்காக. ஜீன்ஸ் 1, சீக்கிரம் காயும் பேன்ட் 2. அம்மாவுக்கு முழுக்கை ரவிக்கை 3, புடவை 6, பட்டு 2. கோட் இரண்டும் வெளியே, குடையும் வெளியே. கிட்டத்தட்ட 6 கிலோ இறங்கிவிட்டது.

கையுறை வேண்டுமா? விமானத்தில் என்ன போட்டு வருவது?

மருதாணி
கையுறை மெல்லியது ஒன்று, ஜாக்கெட் பையிலேயே இருக்கட்டும்.

விமானத்துக்கு மெரினோவும் 100 ஃப்ளீஸும் போட்டுக்கொண்டு, மழை ஜாக்கெட்டையும் பஃபரையும் 7 கிலோ கைப்பையின் மேலாக வையுங்கள். அடியில் வைத்தால் டல்லமரீன் விமான நிலைய வாசலில், அதிகாலைக் காற்றில், தரையில் பையைப் பிரித்துப் போட்டுத் தேட வேண்டியிருக்கும். பெட்டி தாமதமாக வந்தாலும் இரண்டு நாளைக்கு அதுவே தாங்கும். அம்மாவுக்கு ஒரு முழுக்கை ரவிக்கையும் லெகிங்ஸும் அதே கைப்பையில்.